வேண்டும்போது வந்திணையும் கோப்பகம்

தொலைவிலுள்ள சர்வர் ஒன்றின் கோப்புகள், தன் மேஜைமேலுள்ள கணினியிலேயே இருப்பவைபோல் பயனாளருக்குத் தோன்றும் சௌகரியத்தை, ஸன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-ஆம் ஆண்டில் உருவாக்கிய என்.எஃப்.எஸ். என்னும் வலையமைப்புக் கோப்பு முறை உலகுக்கு அளித்தது. தொலைவுக் கோப்பகத்தை உள்ளூர்க் கோப்பகம் ஒன்றின் ஸ்தானத்தில் பொருத்தும் இக்காரியத்தை ‘மவுண்ட்’ செய்தல் என்பர்.

கணினி தொடங்கும்போதே அனைத்தையும் பொருத்திவிடுவது சுலபமான உபாயமாகத் தோன்றினும், வலையமைப்பு இன்னும் ஆயத்தமாகாத சமயத்திலோ, பல சர்வர்களுள் ஒன்று செயலற்றிருக்கும் வேளையிலோ, அன்று முழுவதும் எவரும் திறக்கப்போகாத கோப்பகத்தின் பொருட்டுக் கணினி முழுவதுமே காத்து நிற்க நேரிடும்.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்க 1980-களின் இறுதியில் தோன்றியதே ஆட்டோமவுண்டர். கோப்பகத்தின் பெயரை மட்டும் முதலில் நிறுவிவிட்டு, இணைப்பை முதல் பிரயோகம் வரை ஒத்திப்போடுவது அதன் தத்துவம். ஆதியில் அது தானே ஒரு சிறு என்.எஃப்.எஸ். சர்வர்போல் நடித்து, உண்மைக் கோப்பகத்தை வேறிடத்தில் பொருத்தி, அங்கே செல்லும் குறியீட்டு இணைப்பொன்றைப் பதிலாகத் தந்தது. அதனால் பயனாளர் அறியாத பாதைப் பெயர்கள் எதிர்ப்பட்டுக் குழப்பம் விளைத்தன.

பின்னர் வந்த ஆட்டோஎஃப்எஸ், இப்பொறுப்பின் முக்கிய பாகத்தை இயங்குதளத்தின் மையமாகிய கெர்னலிடமே ஒப்படைத்தது. ஒரு நிரல் அந்தக் கோப்பகத்தினுள் நுழைய முற்படும் கணத்தில், கெர்னல் அந்நிரலை மட்டும் உறங்கவைத்து, பின்னணியில் காத்திருக்கும் சேவை நிரலுக்குச் செய்தி அனுப்புகிறது. சேவை நிரல் சர்வரோடு பேசி உரிய இடத்திலேயே கோப்பகத்தைப் பொருத்தியதும், உறங்கிய நிரல் எழுப்பப்பட்டு, இடையில் நிகழ்ந்ததை அறியாமலே தன் வேலையைத் தொடர்கிறது. குறித்த காலம் எவரும் தீண்டாதிருந்தால் இணைப்பு தானே கழற்றப்படுகிறது. லினக்ஸில் 2010-இல் அறிமுகமான சிஸ்டம்டி என்னும் சேவை மேலாண்மை நிரல், கெர்னலின் இதே வசதியைக் கையாண்டு, பொருத்துதல் முடியும்வரை காத்திராமல் பிற சேவைகளைத் தொடங்க வழி செய்தது.

பெயர்ப் பட்டியலைக் காட்டுவதற்காக ஒவ்வொரு கோப்பகத்தையும் விசாரிக்கும் நிரல்கள், முற்காலத்தில் நூற்றுக்கணக்கான இணைப்புகளை ஒருங்கே கிளப்பிவிட்ட அனுபவத்தால், பெயரைக் காண்பதையும் உள்ளே நுழைவதையும் வேறுபடுத்தி அறியும் விவேகமும் பிற்கால அமைப்புகளுக்குப் புகட்டப்பட்டது.

சர்வரே மௌனமாயிருப்பின் தாமதத்தை எந்த உபாயமும் அறவே ஒழித்துவிடாது என்பது மெய்யே; ஆயினும் அத்தாமதத்தை, அக்கோப்பகம் தேவைப்படாத அனைவர்மீதும் சுமத்தாமல், அதை நாடியவரிடம் மட்டும் நிறுத்திவைக்கும் இந்த நியாயமான ஏற்பாடு, இயங்குதள நிர்மாணத்தின் சிறந்த சாதனைகளுள் ஒன்றாகப் போற்றத்தக்கது.