முடிவு தெரிந்த பிறகு மணி அடிக்கட்டும்

ஓட்டப் பந்தயத்தில் ஒருவர் ஊக்கமருந்து எடுத்தால் அடுத்தவர் பதக்கத்தை இழப்பார். குத்துச்சண்டையில் உயிரையே இழக்கலாம். அதனால் இங்கே சோதனை நடக்கிறதா என்பதைவிட, அதன் முடிவு எப்போது கைக்கு வருகிறது என்பதே முக்கியம். 2024 ஏப்ரல் 20 அன்று புரூக்ளினில் ரயன் கார்சியா, டெவின் ஹேனியை மூன்று முறை தரையில் வீழ்த்தினார். முந்தைய நாளும் சண்டை நாளும் கார்சியாவிடம் எடுத்த மாதிரிகளில் தசையை வளர்க்கும் ஆஸ்டரின் இருந்த செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது. நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையம் அவருக்கு ஓராண்டுத் தடை விதித்தது, வெற்றியும் ரத்தானது. ஏட்டில் திருத்திவிட்டார்கள், சரி. ஹேனி வாங்கிய குத்துகளை யார் ரத்து செய்வது?

சத்துமருந்தில் கலந்திருந்தது, தெரிந்து எடுக்கவில்லை என்றது கார்சியா தரப்பு. அப்படியும் நடக்கக்கூடும். 2018இல் கிளென்பியூட்டரால் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து தொடர்பாகச் சிக்கிய குத்துச்சண்டை வீரர் கனேலோ அல்வாரெஸும் மெக்சிகோ மாட்டிறைச்சியைத்தான் காரணம் காட்டினார். ஆனால் அவரது மாதிரி பிப்ரவரியிலேயே பிடிபட்டதால், கோலோவ்கினுடன் மே மாதம் நடக்கவிருந்த சண்டை நின்றது. அவருக்கு ஆறு மாதத் தடை. இருவரும் செப்டம்பரில் மோதினார்கள். வீரரின் நோக்கத்தை ஆணையம் நிதானமாக விசாரிக்கலாம். எதிராளியின் தலைக்கு அந்த அவகாசம் இல்லை. பயிற்சிக் காலம் முழுவதும் சொல்லாமல் கொள்ளாமல் சோதித்தால் செலவாகும் என்பார்கள். கோடிகள் புரளும் சண்டைகளில் அந்தச் செலவைத்தான் முதலில் ஒதுக்க வேண்டும்.