ஆட்டக் களத்திலிருந்து நிர்வாக அறைக்கு

கூடைப்பந்து ஆட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பள்ளித் திடலில் ஒரு கம்பத்தின் உச்சியில் வளையம் ஒன்று இருக்கும். ஒரு பக்கம் ஐவர், மறுபக்கம் ஐவர். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடி, அந்த வளையத்துக்குள் போட வேண்டும். அதிகப் புள்ளிகள் எடுப்பவர்களுக்கே வெற்றி.

ஆட்டத்தின்போது நம் கண்ணில் படுவது அந்தப் பத்துப் பேர்தான். ஓரத்தில் நின்று சத்தம் போடும் பயிற்றுநரையும் சில வேளைகளில் கவனிக்கிறோம். ஆனால், அந்த விளையாட்டாளர்களைத் தேடிப் பிடித்தவர் யார்? அவர்களுக்கு இவ்வளவு சம்பளம் என்று பேசி முடித்தவர் யார்? அந்தப் பயிற்றுநரையே வேலைக்கு எடுத்தவர் யார்? அவர் களத்தில் இருப்பதில்லை. அலுவலகத்தில் இருக்கிறார். அவரைப் பொது நிர்வாகி என்பார்கள்.

அமெரிக்காவில் கூடைப்பந்து பெரிய தொழில். தேசியக் கூடைப்பந்துச் சங்கம் என்ற அமைப்பில் இன்று 30 குழுக்கள் உள்ளன. ஒவ்வொரு குழுவுக்கும் உரிமையாளர் உண்டு. பணம் அவருடையது. அந்தப் பணத்தை எந்த விளையாட்டாளருக்குச் செலவிடுவது, யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்யும் பொறுப்பு பொது நிர்வாகியின் கையில் இருக்கிறது. இந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவரான வெய்ன் எம்ப்ரியின் வாழ்க்கையை இன்று பார்ப்போம். அவருடைய கதை தெரிந்தால் அந்த வேலையின் தன்மையும் விளங்கிவிடும்.

எம்ப்ரி 1937ஆம் ஆண்டில் ஓஹாயோ மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்னும் ஊரில் பிறந்தார். அவர் படித்த உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய எல்லாரும் வெள்ளையர்கள். அங்கே கூடைப்பந்து ஆடிப் பெயரெடுத்து, அதே மாநிலத்தில் உள்ள மயாமி பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1958ஆம் ஆண்டில் சின்சினாட்டி ராயல்ஸ் குழுவில் சேர்ந்தார். அப்போது சங்கத்தில் இருந்தவை எட்டே குழுக்கள். கறுப்பின விளையாட்டாளர்கள் அந்தச் சங்கத்தில் நுழைந்தே எட்டு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன.

எம்ப்ரி ஆறடி எட்டங்குல உயரம், பருத்த உடம்பு. அவருக்குச் 'சுவர்' என்றே பட்டப்பெயர். அவருடன் ஆடிய ஆஸ்கர் ராபர்ட்சன் புள்ளிகளைக் குவிப்பதில் வல்லவர். ராபர்ட்சன் பந்தோடு ஓடும்போது எதிராளியின் வழியில் எம்ப்ரி அசையாமல் நின்றுகொள்வார். எதிராளி அவர்மேல் மோதி நிற்க, ராபர்ட்சன் தப்பிச் சென்று பந்தைப் போடுவார். கைதட்டல் ராபர்ட்சனுக்கு, இடிபட்டவர் எம்ப்ரி. ஆனாலும் விவரம் தெரிந்தவர்கள் அவருடைய அருமையை உணர்ந்திருந்தார்கள். சிறந்த விளையாட்டாளர்களை மட்டும் சேர்த்து ஆண்டுதோறும் நடத்தப்படும் நட்சத்திர ஆட்டத்துக்கு அவர் ஐந்து முறை தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1966இல் அவர் பாஸ்டன் செல்டிக்ஸ் குழுவுக்குச் சென்றார். அதே ஆண்டில்தான் அங்கே பில் ரஸ்ஸல் பயிற்றுநர் ஆனார். அந்தச் சங்கத்தில் பயிற்றுநரான முதல் கறுப்பினத்தவர் ரஸ்ஸல். 1968இல் அக்குழு வெற்றியாளர் பட்டத்தைப் பெற்றது. அவ்வாண்டே புதிதாகத் தொடங்கப்பட்ட மில்வாக்கி பக்ஸ் குழுவில் எம்ப்ரி ஒரு பருவம் ஆடிவிட்டு, 1969இல் ஓய்வு பெற்றார்.

உடலை நம்பிய தொழில் முப்பது வயதுக்குமேல் நீடிப்பது அரிது. அதன் பிறகு என்ன செய்வது? எம்ப்ரியிடம் பல்கலைக்கழகப் படிப்பு இருந்தது. பாஸ்டன் நகராட்சியில் பொழுதுபோக்கு, விளையாட்டுத் துறையின் இயக்குநராகப் பணி செய்தார். பிறகு மில்வாக்கி குழு அவரை அலுவலகப் பணிக்கு அழைத்தது. 1972ஆம் ஆண்டில் அவரையே பொது நிர்வாகியாக நியமித்தது.

இந்த நியமனம் ஏன் பெரிதாகப் பேசப்பட்டது? களத்தில் ஓடி வியர்வை சிந்துகிறவர்களில் பலர் கறுப்பினத்தவர்களாக இருந்தார்கள். ஆனால் அலுவலகத்தில் அமர்ந்து முடிவெடுப்பவர்கள் எல்லாரும் வெள்ளையர்களே. உழைப்பவன் ஓரிடம், கணக்குப் பார்ப்பவன் வேறிடம் என்ற பிரிவு தோட்டப்புறத்தில் வாழ்ந்த நமக்குப் புதிதன்று. வெளிக்காட்டு வேலையில் இருந்தவர் பெரிய துரையின் நாற்காலியில் அமர்ந்தால் எத்தனை கண்கள் அவரை உற்றுப் பார்க்கும்! அவர் தவறினால், தவறு அவரோடு நிற்காது. 'இந்த இனத்தாருக்கு இது வராது' என்று சொல்லிவிடுவார்கள். எம்ப்ரியின் தோள்மேல் அந்தச் சுமையும் ஏறியது.

சோதனை விரைவிலேயே வந்தது. மில்வாக்கி குழுவின் உயிர்நாடி கரீம் அப்துல் ஜபார். ஏழடி இரண்டங்குல உயரமுள்ள அவருடைய திறமையால் 1971இல் அக்குழு வெற்றியாளர் பட்டம் பெற்றது. 1974இல் இறுதிச் சுற்றுவரை சென்றது. அதே 1974ஆம் ஆண்டில் அவர், தமக்கு இந்த ஊர் ஒத்துவரவில்லை, நியூயார்க் அல்லது லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற பெருநகரக் குழுவுக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டார்.

அங்கே விளையாட்டாளர்களைக் குழுக்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் உண்டு. நீ அவரைக் கொடு, நான் இவர்களைக் கொடுக்கிறேன் என்ற பண்டமாற்று அது. ஆனால் கரீமுக்கு ஈடாக யாரைக் கேட்பது? பிடிவாதமாக நிறுத்திக்கொண்டால், ஒப்பந்தம் முடிந்ததும் அவர் சும்மாவே போய்விடக்கூடும். அனுப்பிவிட்டால், இரசிகர்கள் ஏசுவார்கள். எம்ப்ரி அனுப்ப முடிவு செய்தார். 1975 ஜூன் மாதத்தில் கரீம் லாஸ் ஏஞ்சலிஸ் சென்றார். ஈடாக மில்வாக்கிக்கு நான்கு இளைஞர்கள் வந்தார்கள். அவர்களில் ஜூனியர் பிரிட்ஜ்மன், பிரையன் விண்டர்ஸ் ஆகிய இருவரும் பின்னாளில் அக்குழுவின் தூண்கள் ஆனார்கள்.

ஆனால் நிகழ்ந்தது என்ன? அடுத்த ஆண்டே பலன் தெரியவில்லை. 1977இல் எம்ப்ரி பொது நிர்வாகிப் பதவியை விட்டார். 1980ஆம் ஆண்டு முதல் மில்வாக்கி குழு தன் பிரிவில் தொடர்ந்து ஏழு ஆண்டுகள் முதலிடம் பெற்றது. பால்மரக் கன்று நட்டால் ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்துதான் கத்தி வைக்க முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே நட்டவர் ஒருவர், பால் எடுத்தவர் மற்றொருவர். பொது நிர்வாகியின் வேலையில் இது அடிக்கடி நேரும்.

1986இல் கிளீவ்லண்ட் கவலியர்ஸ் குழு அவரைப் பொது நிர்வாகியாக ஏற்றது. அக்குழுவின் கதை விசித்திரமானது. ஆண்டுதோறும் பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் இளம் விளையாட்டாளர்களைக் குழுக்கள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். வலுக்குறைந்த குழுக்களுக்கே முன்னுரிமை. முதல் சுற்றில் தேர்ந்தெடுக்கும் உரிமை, விவசாயிக்கு விதைநெல் போன்றது. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லண்டின் அப்போதைய உரிமையாளர் அந்த உரிமைகளை ஆண்டுக்கு ஆண்டு பிற குழுக்களுக்குக் கொடுத்துத் தீர்த்தார். அதைக் கண்டு சங்கமே, இனி எந்தக் குழுவும் அடுத்தடுத்த ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளைக் கைவிடக்கூடாது என்று விதி செய்தது.

அத்தகைய குழுவை எம்ப்ரி நிமிர்த்தினார். லென்னி வில்கன்ஸ் என்பவரைப் பயிற்றுநராக அமர்த்தினார். பிராட் டோர்ட்டி, மார்க் பிரைஸ், ரான் ஹார்ப்பர் போன்ற இளைஞர்கள் அங்கே வளர்ந்தார்கள். 1988இல் பரிமாற்றம் ஒன்றின் வழியாக லாரி நான்ஸ் வந்தார். 1988-89ஆம் பருவத்தில் 82 ஆட்டங்களில் 57 வெற்றிகள். ஆயினும் அடுத்த கட்டத்தின் முதல் சுற்றில், கடைசி நொடியில் சிக்காகோவின் மைக்கல் ஜோர்டன் போட்ட ஒரு பந்தில், ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். பல ஆண்டு உழைப்பை ஒரு நொடி கவிழ்த்துவிட்டது.

அவர் காலத்து முடிவுகள் எல்லாம் பலித்தனவா? இல்லை. 1989 நவம்பரில் ரான் ஹார்ப்பரையும் முதல் சுற்று உரிமைகள் இரண்டையும் கொடுத்து டேனி ஃபெரி என்னும் இளைஞரைக் கொண்டுவந்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு ஃபெரி வளரவில்லை. ஹார்ப்பரோ பிற்காலத்தில் வேறு குழுக்களோடு ஐந்து வெற்றியாளர் பட்டங்களைப் பெற்றார்.

பலிக்காத ஒரு முடிவால் எம்ப்ரி ஒதுங்கிவிடவில்லை. 1992இல் கிளீவ்லண்ட் மீண்டும் 57 வெற்றிகள் பெற்றது. அவ்வாண்டின் சிறந்த நிர்வாகி என்ற விருது அவருக்குக் கிடைத்தது. 1994இல் அக்குழுவின் தலைவர் பொறுப்பும் வந்தது. அந்தச் சங்கத்தில் அப்பொறுப்பை ஏற்ற முதல் கறுப்பினத்தவரும் அவரே. பழைய விளையாட்டாளர்களுக்கு வயதானதும் புதியவர்களைச் சேர்த்தார். 1997-98ஆம் பருவத்தின் சிறந்த புதுமுகங்கள் பட்டியலில் கிளீவ்லண்ட் இளைஞர்கள் மட்டும் நால்வர்! நிர்வாகி விருது 1998இல் இரண்டாம் முறையாக அவரைத் தேடி வந்தது. 1999இல் கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது.

பின்னர் 2004இல் கனடா நாட்டின் டொரோண்டோ ராப்டர்ஸ் குழுவுக்கு ஆலோசகரானார். 2019இல் அக்குழு முதன்முறையாக வெற்றியாளர் பட்டம் பெற்றபோது எம்ப்ரிக்கு வயது 82. அன்று அக்குழுவின் தலைவராக இருந்த மசாய் உஜிரி, நைஜீரியாவில் வளர்ந்த கறுப்பினத்தவர். 1972இல் பெரும் புதுமையாக இருந்தது, 2019இல் யாரும் வியந்து பேசாத செய்தியாகிவிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பதவிக்கு முதலில் வருபவரை உலகம் பாராட்டும். அது ஒரு நாள் செய்தி. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த நாற்காலியில் அமர்ந்து, சரியும் தவறுமாக முடிவெடுத்து, வேலையைத் திறம்படச் செய்து காட்டினால்தான் பின்னால் வருபவருக்கு வழி திறக்கும். எம்ப்ரி களத்தில் சுவராக நின்று ராபர்ட்சனுக்கு வழி விட்டார். அலுவலகத்திலும் அவர் செய்தது அதே வேலைதான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பந்தாட்டத்தில் ஆர்வமாக இருந்தால், ஆட விடுங்கள். புத்தகத்தையும் கையில் கொடுங்கள். கால்கள் ஓயும் வயதில் அந்தப் படிப்பு கைகொடுக்கும்.