லொறிகளுக்கும் தாய்நாடு உண்டு

பாரம் ஏற்றிச் செல்லும் லொறி ஒன்றை நின்று நோக்கி இரசிப்போர் நம்மிடையே எத்தனை பேர்? அதன் உறுமல் கேட்டதும் வழியொதுங்கி நிற்கின்றோம். அது கடந்து சென்றதும் மேலே படிந்த புழுதியைத் தட்டிக்கொண்டு நடக்கின்றோம். காருக்கு அழகு உண்டு. புகைவண்டிக்குக் கம்பீரம் உண்டு. ஆகாய விமானத்துக்கு அதிசயம் உண்டு. லொறிக்கு என்ன உண்டு என்பதே பலரது எண்ணம்.

ஐரோப்பாவில் இவ்வெண்ணத்துக்கு முற்றிலும் மாறான ஒரு கூட்டத்தினர் இருக்கின்றனர். பிரித்தானியா, ஒல்லாந்து, ஜேர்மனி, சுவீடன் முதலிய நாடுகளில் பழைய லொறிகளைத் தேடியெடுத்து, பழுது நீக்கி, வர்ணம் தீட்டி, பெற்ற பிள்ளையைப்போற் பேணுகின்ற அன்பர்கள் அவர்கள். ஓய்வுபெற்ற சாரதிகள், கம்மியர்கள், தந்தையின் லொறியில் அருகிருந்து ஊர் சுற்றிய பிள்ளைகள் எனப் பலதிறப்பட்டோர் அவர்களுள் உளர். கோடை காலத்தில் தத்தம் வண்டிகளுடன் ஒரு வெளியிற் கூடுவதும், பழைய நிழற்படங்களைக் கைமாற்றிப் பழங்கதை பேசி மகிழ்வதும் அவர்களது வழக்கம்.

அவர்களிடம் மங்கிய நிழற்படம் ஒன்றைக் கொடுத்தாற் போதும். இலக்கத்தகடு தெரியவேண்டுவதில்லை, பின்னணியில் ஊரும் பேரும் இருக்கவேண்டுவதில்லை. "இது சுவிற்சர்லாந்தில் ஓடிய வண்டி" என்றோ, "இது பிரித்தானியாவுக்கென்று செய்யப்பட்டது" என்றோ சொல்லிவிடுவர். இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஒரே தொழிற்சாலை, ஒரே பெயரில் விற்ற லொறிகூட நாட்டுக்கு நாடு வேறு உருவம் கொண்டிருந்தது. ஒவ்வொரு நாட்டின் சட்டமும் மலையும் தெருவும் அந்த இரும்பின்மேல் தம் கையொப்பத்தை இட்டிருந்தன. அக்கையொப்பத்தை வாசிக்கப் பழகியவர்கள் இவர்கள். அவ்வாசிப்பிற் சிலவற்றை நாமும் இங்கே பழகிப் பார்ப்போம்.

சுக்கான் எந்தப் பக்கம்?

சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனம் 1965 ஆம் ஆண்டில் எப். 88 என்னும் லொறியை வெளியிட்டது. பிரித்தானியச் சாரதிகள் இன்றும் இவ்வண்டியை அன்போடு நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. அக்காலத்துப் பிரித்தானிய லொறிகள் பலவற்றிற் சாரதியின் வசதி கடைசியாகவே கவனிக்கப்பட்டது. பனிக்காலத்திற் கம்பளியைப் போர்த்துக்கொண்டு வண்டி ஓட்டியவர்களும், இருக்கைகளின் குறுக்கே பலகையிட்டு உறங்கியவர்களும் அநேகர். எப். 88 வண்டியிலோ கதகதப்பான அறையும், பின்புறத்தில் நீட்டிப் படுக்கக்கூடிய படுக்கையும் இருந்தன. 1970 களில் துருக்கியின் மலைகளைக் கடந்து தெஹ்ரான் வரை சரக்கேற்றிச் சென்ற சாரதிகளுக்கு அதுவே வாகனமும் வீடும் ஆயிற்று.

1970 ஆம் ஆண்டில் அதன் தமையனாக எப். 89 வந்தது. இதன் எஞ்சின் 12 லீற்றர் கொள்ளளவும் 330 பரிவலுவும் உடையது. இத்துணைப் பெரிய எஞ்சினைப் பழைய அறையின் கீழ் அடக்குவதற்காக அதனை ஒருபுறம் சாய்த்துப் பொருத்தினர். அங்கேதான் சிக்கல் எழுந்தது. சாய்ந்து கிடந்த எஞ்சின், வலப்பக்கத்திற் சுக்கான் பொருத்துவதற்கு இடம் விடவில்லை. தெருவின் இடப்பக்கமாக ஓடும் பிரித்தானியாவுக்கு வலப்பக்கச் சுக்கானன்றோ தேவை?

இதற்கு மாற்றாக, எப். 88 வண்டியின் 9.6 லீற்றர் எஞ்சினையே 290 பரிவலு தருமாறு வலுப்படுத்தி, 'எப். 88-290' என்னும் பெயரிற் பிரித்தானியாவுக்கு அனுப்பினர். அந்நாட்டிற் காணப்பட்ட எப். 89 வண்டிகள் சிலவே. அவையும் இடப்பக்கச் சுக்கானுடன் ஐரோப்பியப் பயணத்துக்கென வாங்கப்பட்டவை. அவுஸ்திரேலியாவுக்கோ 'ஜி. 88' என்று வேறோர் உருவம். அச்சுகளுக்கிடையே உள்ள தூரத்தைப் பொறுத்தே பாரத்தின் அளவு விதிக்கப்பட்டமையால், முன்னச்சை ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் முன்னே நகர்த்தி அமைத்தனர்.

ஆகவே, நிழற்படத்திற் சாரதி வலப்பக்கம் அமர்ந்திருக்க, வண்டியின் முகப்பில் '89' என்ற இலக்கம் மின்னுமாயின், அன்பர்கள் புன்னகை செய்வர். இலக்கம் பிற்காலத்தில் ஒட்டப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியும்.

மலைப்பாதையின் விதி

சுவிற்சர்லாந்திலும் இத்தாலியிலும் வாகனங்கள் தெருவின் வலப்பக்கமாகவே ஓடுகின்றன. முறைப்படி பார்த்தாற் சுக்கான் இடப்பக்கம் இருத்தல் வேண்டும். ஆயினும் அந்நாடுகளின் பழைய பார லொறிகளிற் சாரதி வலப்பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். ஏன்? அல்ப்ஸ் மலைப்பாதைகளில் ஒருபுறம் பாறை, மறுபுறம் பாதாளம். எதிரே வரும் வண்டிக்கு இடம் கொடுத்து ஒதுங்கும்போது தெருவின் ஓரம் எங்கே முடிகின்றது என்பதைச் சாரதி தன் கண்ணாற் காண்பது அவசியம். ஒரு முழம் தவறினாலும் உயிருக்கே ஆபத்து. முன்னே செல்லும் வண்டியை முந்துவது கடினமெனினும், ஓரத்தைக் காண்பதே மேலெனக் கருதினர். இவ்வழக்கம் 1960 களிலும் நீடித்தது.

சுவிற்சர்லாந்து மற்றொரு கட்டுப்பாட்டையும் விதித்திருந்தது. அக்காலத்தில் ஐரோப்பாவிற் பொதுவாக லொறியின் அகலம் 2.50 மீற்றர் வரை இருக்கலாம் என்றிருந்த நிலையில், அந்நாட்டின் ஒடுங்கிய தெருக்கள் பலவற்றில் 2.30 மீற்றருக்கு மேல் இடமிருக்கவில்லை. ஆர்பொன் என்னும் ஏரிக்கரைப் பட்டினத்தில் இயங்கிய சௌரர் நிறுவனத்துக்கு இது புதிதன்று. தன் நாட்டுத் தெருவின் அளவறிந்தே அது வண்டி செய்தது. வெளிநாட்டு நிறுவனங்களோ இதற்கெனத் தனி உருவம் செய்ய நேர்ந்தது. 1980 களின் தொடக்கத்தில் வொல்வோ நிறுவனம் சுவிற்சர்லாந்துக்கென்றே ஒரு லொறியைச் செய்து, அதற்கு 'சி.எச். 230' எனப் பெயரிட்டது. 'சி.எச்.' என்பது அந்நாட்டின் அடையாள எழுத்து. '230' என்பது சென்ரிமீற்றரில் அகலம். ஒரு நாட்டின் பெயரையும் அதன் தெருவின் அளவையும் நெற்றியிற் சுமந்து திரிந்த வண்டி அது!

சட்டம் செய்த ஆயிரங்காலி

மலை மாத்திரமன்று, மந்திரியின் பேனாவும் லொறியின் உருவை மாற்றவல்லது. மேற்கு ஜேர்மனியிற் போக்குவரத்து மந்திரியாக இருந்தவர் ஹான்ஸ் கிறிஸ்தோப் சேபோம். லொறிகள் தெருக்களைக் கெடுக்கின்றன, புகைவண்டியின் வருவாயைப் பறிக்கின்றன என்னும் குறைகள் அக்காலத்தில் எழுந்தன. அவர் கொண்டுவந்த விதிகளின்படி, 1958 ஆம் ஆண்டு முதல் லொறியும் அதன் பின்னே பூட்டிய ட்ரெயிலரும் சேர்ந்து 14 மீற்றர் நீளத்தையும் 24 தொன் நிறையையும் விஞ்சலாகாது என்றாயிற்று.

அதுவரை ஜேர்மன் லொறிகளின் முன்னே நீண்ட பொனற் இருந்தது. நீளத்துக்கு எல்லை வகுத்தபின், பொனற் கொள்ளும் ஒவ்வொரு சாணும் சரக்கின் இடத்தைத் தின்றது. ஆகவே மூக்கில்லாத, தட்டையான முகங்கொண்ட லொறிகள் பெருகின. 1959 இல் மேர்சிடிஸ் பென்ஸ் குறுகிய மூக்குடைய லொறிகளை வெளியிட்டது. இவற்றுக்கிடையே விசித்திரமான பிறவியொன்றும் தோன்றிற்று. 1958 முதல் 1961 வரை செய்யப்பட்ட எல்.பி. 333 என்னும் அந்த மேர்சிடிஸ் லொறிக்கு முன்புறத்தில் இரண்டு அச்சுகள்; இரண்டும் சுக்கானுக்கேற்பத் திரும்பும். அச்சுகளைக் கூட்டி, சட்டம் அனுமதித்த நிறையை முழுமையாகப் பெறுவதே நோக்கம். மக்கள் அதற்கு 'ஆயிரங்காலி' எனப் பொருள்படும் பட்டப்பெயர் சூட்டினர். 1960 இல் விதிகள் தளர்த்தப்பட்டன. ஆயிரங்காலிக்கு வேலையில்லாது போயிற்று. இன்று அவ்வண்டி ஒன்றைக் காண்பவர் உண்மையிற் காண்பது, இரும்பில் வார்க்கப்பட்ட ஒரு சட்டப் பிரிவையே.

முதலையும் நட்சத்திரமும்

ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து சென்ற லொறிகளின் கதை இன்னும் சுவையானது. சுவீடனின் ஸ்கானியா நிறுவனம் 1962 இற் பிரேசில் நாட்டின் சாவோ பெர்னார்தோ தோ காம்போ நகரில் தொழிற்சாலை திறந்தது. ஐரோப்பாவில் மூக்கில்லா வண்டிகள் பெருகிய காலத்திலும், பிரேசிலின் நெடுந்தெருக்களில் நீண்ட மூக்குடைய ஸ்கானியாக்களே பேர்பெற்று விளங்கின. அவ்வகை லொறிக்கு எஞ்சினை எட்டிப் பழுது பார்ப்பது எளிது; அதன் சூடும் இரைச்சலும் சாரதியை அதிகம் வருத்துவதில்லை. நீண்ட வாய் கொண்ட அவ்வண்டியைப் பிரேசில் மக்கள் 'ஜக்கரே', அதாவது 'முதலை' என்று அழைத்தனர். சுவீடனிற் பிறந்த குலம், பிரேசிலில் அந்நாட்டு விலங்கின் பெயரையே பெற்றுவிட்டது.

இத்தகைய பயணம் ஒன்று நம் நாட்டின் வாசலையும் தொட்டது. 1954 இல் இந்தியாவின் டாட்டா நிறுவனம் ஜேர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனத்துடன் 15 ஆண்டு உடன்படிக்கை செய்து, ஜம்ஷெட்பூரில் லொறிகளைச் செய்யத் தொடங்கியது. உருவம் ஜேர்மனியுடையது, முகப்பிலே மேர்சிடிஸ் நட்சத்திரம். சுக்கானோ வலப்பக்கம். அடிச்சட்டமும் எஞ்சினும் முகப்பும் தொழிற்சாலையிலிருந்து வர, சாரதியின் அறையையும் சரக்குப் பெட்டியையும் உள்ளூர்த் தச்சர்கள் மரத்தாற் கட்டி முடிப்பது பெருவழக்காயிருந்தது. 1961 இல் டாட்டா நிறுவனம் வெளிநாட்டுக்கு முதன்முதல் லொறி அனுப்பியபோது, அது வந்திறங்கிய நாடு இலங்கையே! 1969 இல் உடன்படிக்கை முடிவுற்றது. நட்சத்திரம் நீங்கி, டாட்டாவின் சொந்த இலச்சினை அவ்விடத்தைப் பெற்றது. ஆயினும் 'டாட்டா பென்ஸ்' என்னும் பெயர் மக்கள் நாவில் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

எது உண்மை உருவம்?

இவ்வளவும் அறிந்து ஆகவேண்டியது என்ன என்று மாணவர்கள் வினவலாம். இவ்வினா அன்பர்களுக்கும் புதிதன்று. அவர்களிடையே எழும் கடுமையான விவாதங்களுக்கெல்லாம் அடிப்படை இதுவே.

பழைய லொறி ஒன்றைப் புதுப்பிப்பவருக்கு உறுப்புகள் எளிதிற் கிடைப்பதில்லை. ஒல்லாந்தில் ஒரு கதவு, சுவீடனில் ஒரு முகப்பு, வேறெங்கோ ஒரு எஞ்சின் எனத் திரட்டிப் பொருத்துகின்றார். வண்டி பளபளக்கின்றது, பார்ப்போர் கைதட்டுகின்றனர். ஆனால், அது எந்த நாட்டில் எவ்வாறு உழைத்தது என்னும் அடையாளம் அப்புதுப்பொலிவில் மறைந்துவிடக்கூடும். எளிய சிறிய இலக்கத்தைக் கழற்றிவிட்டுப் பெரிய எஞ்சினுக்குரிய இலக்கத்தை ஒட்டுவோரும் உண்டு. அடுத்த தலைமுறை அதனையே உண்மையென நம்பிவிடும். பின்னர் நிழற்படத்தைக் கண்டு புன்னகை செய்வதற்கும் ஆள் இராது.

தொழிற்சாலையின் ஏடுகள் இக்குறையை ஓரளவே தீர்க்கும். வாயிலைக் கடந்தபோது வண்டி எவ்வாறிருந்தது என்பதை அவை சொல்லும். அதன்பின் உள்ளூர்க் கம்மியர் செய்த மாற்றங்களையும், ஏற்றத்தில் எந்தக் கியரில் ஏறிற்று என்பதையும், பனியிரவில் அதனுள் உறங்கிய மனிதனின் அனுபவத்தையும் ஓட்டியவர் நினைவு ஒன்றே அறியும். அந்நினைவும் பிழையற்றதன்று. இளமையில் ஓட்டிய வண்டி முதுமையில் அழகு கூடித் தோன்றுவது இயல்பு. குளிரும் இரைச்சலும் மறந்துபோகும். ஆதலின் ஒருவர் சொல்வதை மற்றொருவர் மறுக்க, நிழற்படத்தைக் கொண்டு உண்மையைத் தேறுகின்றனர். புலவர்கள் ஏட்டுச் சுவடிகளின் பாடபேதங்களை ஒப்புநோக்கித் தெளியும் முறை இதுவன்றோ? லொறியும் ஒரு சுவடிதான்; நாட்டுக்கு நாடு அதற்குப் பாடபேதம் உண்டு.

எப். 88 வண்டியை அதன் தொடக்க நாளில் ஓட்டியவர்கள் இன்று முதுமையின் எல்லையில் நிற்கின்றனர். அவர்கள் சொல்லக் கேட்டு எழுதிவைக்கும் வேலையை ஐரோப்பிய அன்பர்கள் விரைந்து செய்துவருகின்றனர்.

நம் வீடுகளில் என்ன நிலை? டாட்டா பென்ஸ் லொறியில் மலைநாட்டு வளைவுகளை இரவோடிரவாகக் கடந்த பாட்டனார் ஒருவர், பெரியப்பா ஒருவர், அல்லது அயலவர் ஒருவர் எங்கேனும் சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருக்கக்கூடும். அந்த லொறியின் அறையைக் கட்டிய தச்சர் யார், எந்த மரத்தாற் கட்டினார், கண்டி வீதியின் ஏற்றங்களை அது எவ்வாறு ஏறிற்று என்று அவரிடம் இதுவரை எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். பிள்ளைகளே, இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவரருகிற் சென்று அமருங்கள். வீட்டில் அந்த லொறியின் பழைய நிழற்படம் இருந்தால் அதையும் அவர் கையிற் கொடுங்கள். மற்றவற்றை அவரே சொல்வார்.