எந்தக் கியரில் ஏறினாயோ…

2025 சித்திரை விடுமுறை. கடுகண்ணாவை ஏற்றத்தில் வாகனங்கள் நகர்வதும் நிற்பதுமாக இருந்தன. மாமாவைக் கண் சோதனைக்குக் கொழும்புக்குக் கூட்டிப்போய்விட்டுக் கலஹாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவு தாண்டியதும் அவர் கண்ணாடியை இறக்கி மூக்கை நீட்டினார்.

"யாரோட கிளச்சோ கருகுது."

கொஞ்ச தூரத்தில் கண்டோம். ஓரமாக ஒதுக்கிய ஹைலக்ஸ் டபுள் கெப். அதன் பின்னால் வெள்ளை டிரெயிலர் ஒன்று. குடும்பமாகப் படுக்க, சமைக்க வசதி வைத்து கராஜில் அடித்த சின்ன வீடு. பொனட் திறந்திருந்தது. கொழும்புத் தம்பி ஒருவர் கைபேசியைப் பார்த்தபடி நின்றார். பிள்ளைகள் இரண்டும் பத்தலேகல மலையைக் காட்டிக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தன. நுவரெலியாவுக்குப் போகிறார்களாம்.

நான் வண்டியை நிறுத்துமுன்னே மாமா கதவைத் திறந்துவிட்டார். கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் 31 வருடம் டிராக்டர் ஓட்டியவர். கொழுந்து, உரம், விறகு, சில நாட்களில் பிரசவ வலியோடு பெண்கள், எல்லாமே அவருடைய டிரெயிலரில்தான் மலையிறங்கின.

"தம்பி, வண்டிக்கு ஒண்ணும் ஆகல. கிளச்சு ஆறட்டும். மெனுவல்தானே?"

"ஓம் அங்கிள். மெனுவலில் டிரெயிலர் இழுக்கக்கூடாது, ஒட்டோதான் சரி எண்டு எல்லாரும் சொன்னாங்க. இந்தா, அதே மாதிரி ஆச்சு."

"மெனுவல்ல பிழையில்ல. முன்னுக்குப் போறவன் நகர்ந்த உடனே நீங்களும் நகர்றீங்க. அங்கதான் பிழை. அவன் ஒரு பத்து யார் போகட்டும். பின்னால ஹோர்ன் அடிப்பான், அடிக்கட்டும். அப்புறம் ஒரே எடுப்பா எடுங்க, காலை முழுசா விடுங்க. பாதிக் கிளச்சுல நிக்கவே வேணாம், ஹேண்ட் பிரேக்கைப் போடுங்க."

கிளட்ச் கருகுவதற்கு மலை காரணமல்ல. கால் முழுதாக எடுபட்டுத் தட்டு ஒட்டிக்கொண்டால் உரசலும் இல்லை, சூடும் இல்லை. ஒரு தொன் பாரத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு விடுமுறை நெரிசலில் நூறு தரம் நின்று நூறு தரம் எடுக்கும்போதுதான் தட்டு தேய்ந்து மணக்கிறது. 2020க்கு முந்திய சில வருடங்களில் அவுஸ்திரேலியாவில் விற்ற நாற்சக்கர ஹைலக்ஸில், மெனுவலுக்கு 3,500 கிலோ இழுவை அனுமதி, ஒட்டோவுக்கு 3,200தான். மெனுவல் என்றாலே பலவீனம் என்ற பேச்சு எங்கிருந்து வந்ததோ, இந்த மலைகளிலிருந்து வரவில்லை.

கிளட்ச் ஆறும் வரை நானும் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாரத்தை மேலே கொண்டுபோவது பற்றி யோசிக்க கடுகண்ணாவையைவிட நல்ல இடம் இலங்கையில் இல்லை.

1815இல் கண்டி ராச்சியம் வீழும்வரை இங்கே சக்கரம் ஏற வழியே கிடையாது. பாதையைக் குறுகலாக, கரடாக வைத்திருப்பதுதான் கண்டியரசின் கோட்டை. பொதிமாடுகள் உப்பும் கருவாடும் சுமந்து ஏறின. பாக்கும் மிளகும் சுமந்து இறங்கின. அந்தப் பொதிமாட்டுக் கூட்டத்தைச் சிங்களத்தில் 'தவலம' என்கிறார்கள். தமிழ் அகராதியில் 'தாவளம்' என்றால் தங்குமிடம். இரண்டும் ஒரே வேரா என்பதை மொழியறிஞர்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த வெள்ளை டிரெயிலரைப் பார்த்தபோது நகர்வதும் தங்குவதும் ஒரே பெட்டிக்குள் வந்து உட்கார்ந்ததாகவே எனக்குப் பட்டது.

ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820இல் கொழும்பு–கண்டி வீதியைத் தொடங்கினார். கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வழிவிட்டார்கள். மலையைத் துளைத்து வருபவனுக்கே கண்டி பணியும் என்று ஊரில் ஒரு சொல் இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது வாகனங்கள் அந்தக் குடைவுக்குப் பக்கத்தால் போகின்றன. குடைவு சும்மா நிற்கிறது. வீதியை அமைத்த பொறியாளர் டோசன் 1829இல் இறந்துபோனார். அவர் நினைவாக 1832இல் எழும்பிய 125 அடிக் கோபுரம் கணவாயின் உச்சியில் நிற்கிறது. அதே வருடம் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. பேராதனையில் மகாவலிக்கு மேல் முழுக்க முதிரை மரத்தால் ஒற்றை வளைவுப் பாலம் எழுந்து 1905 வரை பாரம் தாங்கியது.

பிறகு கோப்பிக் காலம். மூட்டை ஏற்றிய ரெட்டை மாட்டு வண்டில்கள் நாட்கணக்கில் இந்த வழியே இறங்கின. ஏறும்போது மாடு இழுக்கும். இறங்கும்போது பாரம் மாட்டைத் தள்ளும். நுகத்தடி கழுத்தில் ஏறி மாடு முட்டி மடங்கும். சக்கரத்தில் கட்டை கொடுத்து உரசவிட்டுத்தான் இறக்குவார்கள். பாரம் தள்ளும், வண்டி பிடிக்கவேண்டும்: அன்று வந்த இந்தச் சிக்கல் இன்றைக்கும் தீரவில்லை.

1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. அதே 1867இல்தான் கலஹாவுக்கு அப்பால் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். ரம்புக்கனையிலிருந்து ஏறும் பாதை 45 அடிக்கு ஓரடி உயர்கிறது. நீராவிக் காலத்தில் முன்னால் ஓர் என்ஜின் இழுக்க, பின்னால் இன்னொன்று தள்ளும். அந்தக் காலத்து என்ஜின்கள் சில இப்போது கடுகண்ணாவை ரயில் நூதனசாலையில் நிற்கின்றன.

ஆனால் ரயில் தோட்டத்து வாசல்வரை வராது. மலைச்சரிவிலிருந்து தொழிற்சாலைக்கும், தொழிற்சாலையிலிருந்து ஸ்டேஷனுக்கும் பாரத்தைக் கொண்டுபோகும் வேலை மாமாவைப் போன்றவர்கள் தலையில் விழுந்தது.

சின்ன வயதில் அவருடைய மெஸி ஃபேர்கஸனின் மட்காட்டில் உட்கார்ந்து எத்தனையோ தரம் போயிருக்கிறேன். வண்டியை எடுக்குமுன் அவர் செய்யும் ஒரு காரியம் இன்றும் கண்ணில் நிற்கிறது. டிராக்டருக்கு வலது காலடியில் இரண்டு பிரேக் மிதிகள். ஒன்று இடது சில்லுக்கு, மற்றது வலது சில்லுக்கு. வயலில் சட்டென்று திரும்ப அது தேவை. வீதியில் அப்படி விட்டால் ஒரு பக்கச் சில்லு மட்டும் பிடித்து வண்டி குப்புறப் போகும். இரண்டு மிதியையும் சேர்த்துப் பூட்ட ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். மாமா குனிந்து அதை விரலால் தள்ளிப் பூட்டி, பூட்டியதா என்று காலால் இரண்டு தரம் அமுக்கிப் பார்ப்பார். அடுத்து டிரெயிலரின் கொளுக்கிக்கு வருவார். "ஒத்த ஆளு தூக்கினா எழும்பக்கூடாது. ரெண்டு பேர் தூக்கினா எழும்பணும்." இலகுவாக எழும்பினால் பாரம் பின்னால் கூடிவிட்டது, டிரெயிலர் வாலாட்டும், மூட்டைகளை முன்னுக்கு மாற்றச் சொல்வார். மொத்த பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது கொளுக்கியில் அழுந்தவேண்டும் என்று இன்று கையேடுகளில் அச்சிடுகிறார்கள். அவருக்கு அது முதுகெலும்பு சொன்ன கணக்கு.

அவரிடம் இன்னொரு சொல்லும் இருந்தது. மலையகத்துப் பழைய சாரதிகள் எல்லோருக்கும் அது பாடம்: எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு.

அன்று அந்தத் தம்பிக்கும் அதையே சொன்னார். "திரும்பி வரும்போது றம்பொடை இறக்கத்துல பிரேக்கை நம்பாதீங்க. ஏறின கியர்லயே இறங்குங்க. ஆமா, இந்த வண்டி இதுல எந்தக் கியர்ல ஏறுது?"

"பாதை லேசா இருந்தா நாலாவதிலயே ஏறும் அங்கிள்."

மாமா பேசாமல் நின்றார். பொனட்டுக்குள் குனிந்து என்ஜினைப் பார்த்தார். "எத்தனை லீற்றர்?"

"ரெண்டு புள்ளி நாலு."

"என் மெஸியும் ரெண்டரைதான்" என்றார் மெதுவாக. "அப்ப நான் சொன்னது இதுக்குச் சரிவராது. நீங்க ரெண்டாவதுல இறங்குங்க. மூணுக்கு மேல போகவே வேணாம்."

எழுபத்து நாலு வயதில், ஆயுள் முழுக்க நம்பிய ஒரு சொல்லை வீதியோரத்தில் நின்று திருத்திக்கொண்டார். அவர் மேல் எனக்கிருந்த மதிப்பு அந்த நிமிடத்தில் இன்னும் கூடியது. கணக்கும் அவர் பக்கம்தான். மெஸி 35இன் மூன்று சிலிண்டர் என்ஜின் இரண்டரை லீற்றர். வலு 40 குதிரைச் சக்திக்கும் கீழே. ஹைலக்ஸின் 2.4 லீற்றர் என்ஜின் டேர்போவின் தயவால் 150 குதிரைச் சக்தி அளவுக்குத் தருகிறது. இழுக்கும் பலம் மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. இறக்கத்தில் பிடித்து வைக்கும் பலத்துக்கு டேர்போ உதவாது. அது என்ஜினின் கொள்ளளவையும் சுழற்சியையும் பொறுத்தது, கொள்ளளவு கூடவில்லை. பழைய வண்டி ஏறும்போதே தன் பலத்தின் எல்லையைக் காட்டிவிடும். அதனால் அந்தச் சொல் சரியாக இருந்தது. புது வண்டி நாலாவது கியரில் சிரித்துக்கொண்டே ஏறும், இறங்க எந்தக் கியர் என்று சொல்லித்தராது.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். றம்பொடை வழியாக இறங்கிச் சேரும் கம்பளை 500 மீற்றருக்கும் குறைவு. வண்டியும் டிரெயிலரும் ஆட்களுமாக மூன்று தொன் என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் கழிக்கவேண்டிய சக்தி 120 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கும். மீதியை என்ஜின் வாங்கவேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவும் பிரேக்கில் இறங்கும். பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெயிலருக்குத் தனி பிரேக் இல்லாமல் வீதியில் இறங்கமுடியாது. நம் பக்கத்துக் கராஜ்களில் அடிக்கும் டிரெயிலர்களில் நான் பார்த்தவரை படுக்கைக்கும் சமையல் மேசைக்கும் கொடுக்கும் கவனத்தைச் சில்லுக்குக் கொடுப்பதில்லை. அந்தத் தம்பியின் டிரெயிலருக்கும் பிரேக் கிடையாது. இதை அழகுக் குறை போலப் பேசிவிட்டுப் போகமுடியாது. பிள்ளைகள் ஏறும் வண்டி.

காலமும் வேகமாக மாறுகிறது. ஹங்குராங்கெத்த பக்கத்து மரக்கறியைக் கண்டிக்குக் கொண்டுவந்த லேண்ட்மாஸ்டர் கை டிராக்டர்களின் இடத்தில் டிமோ பட்டா என்ற சின்ன லொறி ஓடுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது கையிலிருந்த பழைய மெனுவல் கெப்களைப் பொன்போலக் காப்பாற்றி ஓட்டினோம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கணக்காக டீசல் வாங்கிய நாட்களில் மேட்டில் எந்தக் கியர் சிக்கனம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடி திறந்தது. வருபவற்றில் பெரும்பாலும் ஒட்டோ. ஒட்டோவிலும் கியரைக் கையால் குறைத்து நிறுத்தலாம். ஆனால் அந்த லீவரைத் தொட்டே பாராத பலரை எனக்குத் தெரியும். டி-யில் போட்டுவிட்டுப் பதினெட்டு வளைவில் ஹசலக்க வரை பிரேக்கிலேயே இறங்குகிறார்கள்.

கிளட்ச் ஆறிய பிறகு அந்தக் குடும்பம் புறப்பட்டது. மாமா சொன்னபடி, பின்னால் ஹோர்ன் அடிக்க அடிக்க, இடைவெளி விட்டு எடுத்தார் தம்பி. புறப்படுமுன் என் நம்பரை வாங்கியிருந்தார்.

நாலாம் நாள் காலையில் அழைப்பு வந்தது. பேசியது அவருடைய மனைவி, றம்பொடையிலிருந்து இறங்குகிறார்களாம். இதே வீதியில், அடுத்த மாதம், மே 11ஆம் திகதி விடியற்காலையில் கெரண்டி எல்லவில் ஒரு பஸ் பள்ளத்தில் பாய்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டுபோனார்கள். அன்று அது எங்களுக்குத் தெரியாது.

"அங்கிள் இருக்கிறாரா? போனை என்ஜின் பக்கம் பிடிக்கச் சொல்லுறார் இவர். சத்தம் சரியா எண்டு கேக்கணுமாம்."

ஸ்பீக்கரைப் போட்டேன். மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்தார். போனில் காற்றும், பிள்ளைகளின் பேச்சும், அடியில் தணிந்த இரைச்சலும் கேட்டன.

"மூணுல வர்றார். டிரெயிலர் தள்ளுது. நேர் பாதை வந்ததும் பிரேக்கை ஒரு தரம் நல்லா அமுக்கி வேகத்தைக் குறைச்சிட்டு ரெண்டுக்கு வரச் சொல்லுங்க, தாயி. வளைவுக்குள்ள கியர் மாத்த வேணாம்."

அந்தப் பெண் அப்படியே திருப்பிச் சொல்வது கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இரைச்சல் சட்டென்று மேலே ஏறி, அழுத்தமாக, ஒரே சீராக நின்றது.

மாமா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அடுத்த வளைவு வரை கேட்டார்.

"இப்ப பிடிக்குது" என்றார். "கம்பளை வரைக்கும் இதுலயே வரட்டும்."