மிஷன் போன பிள்ளை வீடு திரும்பும்போது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீர்க் கோப்பையோடு நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் சபையில் ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவரும் என்னைப் போல லண்டனில் வளர்ந்தவர்தான். "தம்பி, இவள் யூனி முதல் வருசம் முடிஞ்ச கையோட ரெண்டு மாசம் மிஷனுக்குப் போகப் போறாளாம். ஃபெலோஷிப்பில நீங்கள்தானே இதெல்லாம் சொல்லிக் குடுக்கிறனீங்கள். இப்ப நீங்களே சொல்லுங்கோ, இது தேவையா?"

மகளுக்கு 19 வயது. சாப்பாடு, காய்ச்சல், பாதுகாப்பு என்று வழக்கமான கவலைகளை முதலில் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி உண்மையான பயத்தைச் சொன்னார். "அங்க போய் விசுவாசம் கூடினாலும் பயம், குறைஞ்சாலும் பயம். கூடினா படிப்பை விட்டிடுவாள். குறைஞ்சா பிறகு கோயில் பக்கமே வரமாட்டாள்."

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வாலிபர் ஐக்கியத்தை நடத்துகிறவன் என்ற முறையில் "கர்த்தர் பார்த்துக்கொள்ளுவார் அக்கா" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் 2010-இல், எனக்கு 21 வயதாக இருந்தபோது, நானும் அப்படி ஒரு பயணம் போனேன். திரும்பி வந்து மேடையில் ஒரு பொய் சொன்னேன். அந்தக் கதையைச் சொல்லாமல் அக்காவுக்குப் பதில் சொல்ல முடியாது.

எங்கள் தலைமுறைக்கு வாலிபர் ஐக்கியம் என்றால் என்ன என்பது உங்களில் பலருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை இரவு, சபை மண்டபம், ஒரு கிட்டார், கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் வேதபாடம், பிறகு பீட்சா. பள்ளிக்கூடத்தில் நாங்கள் தமிழர். வீட்டில் 'இங்கிலீஷ்காரர்'. அந்த மண்டபத்தில் மட்டும்தான் இரண்டையும் விளக்க வேண்டிய தேவை இல்லை. அதனால்தான் போனோம். நண்பர்களுக்காகப் போனோம் என்பதே உண்மை. அதில் தப்பும் இல்லை. ஆனால் ஆராதனையில் பாட்டு நடத்துகிற அளவுக்கு வளர்ந்த பிறகும், தனியாக இருக்கும்போது நான் ஒருநாளும் ஜெபித்ததில்லை. அது எனக்கே அப்போது தெரியவில்லை.

அந்த ஆகஸ்டில் நாங்கள் 12 பேர் இலங்கை மலையகத்துக்குப் போனோம். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். திட்டம் மிக எளிது: பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவது, ஞாயிறுபள்ளி அறைக்கு வர்ணம் பூசுவது, வீடு வீடாகப் போய் ஜெபிப்பது. ஒரே நிறத்தில் டீ-ஷர்ட், இரண்டு பெட்டி நிறையக் கிரேயான், ஒரு கிட்டார். எங்கள் தாத்தா பாட்டி யாழ்ப்பாணம். மலையகத்தை எங்களில் யாருமே அதற்கு முன் பார்த்ததில்லை. என் தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் கதை சொல்லிக் கொடுக்கப் போனேன். அவர்கள் எனக்கு ழகரம் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் எனக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். மற்றவர்கள் வேலைக்குப் போக, என்னை லயத்தில் ஒரு அக்காவின் அறையில் படுக்க வைத்தார்கள். வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்று, முன்னால் சின்னத் திண்ணை, மூலையில் விறகடுப்பு. அவர் காலையில் கொழுந்து எடுக்கப் போய்விட்டு, மதியம் என்னைப் பார்க்க அந்த ஏற்றத்தில் ஏறி வந்தார். மல்லித் தண்ணி காய்ச்சிக் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, ஒங்களுக்கு என்னா ஜெபிக்கணும்?" என்று கேட்டார்.

நாலு நாளாக அதே கேள்வியை ஒவ்வொரு கதவிலும் நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. வாய் திறந்து பார்த்தேன், ஒன்றுமே வரவில்லை. வயிறு சுகமாக வேண்டும் என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, தானே ஜெபித்தார். அயலவரிடம் கதைப்பது போலக் கதைத்தார். இந்தத் தம்பி அம்மாவை விட்டுத் தூரம் வந்திருக்கு, பயந்து போயிருக்கு, பார்த்துக்குங்க என்கிற மாதிரி. எனக்கு அழுகை வந்தது. நெகிழ்ந்து போனதால் அல்ல, வெட்கத்தால். அவருக்கு யாரோ ஒருவரைத் தெரிந்திருந்தது. எனக்குப் பாட்டுகள்தான் தெரிந்திருந்தன.

லண்டன் திரும்பிய முதல் ஞாயிறே எங்களைச் சாட்சி சொல்ல மேடைக்கு அழைத்தார்கள். பின்னால் திரையில் படங்கள். தேயிலை மலை, சிரிக்கும் பிள்ளைகள், வர்ணத்தூரிகையோடு நான். என் முறை வந்தபோது, "அங்கே ஆண்டவரைச் சந்தித்தேன், என் வாழ்க்கை மாறிவிட்டது" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா முன்வரிசையில் அழுதுகொண்டிருந்தார். நான் அங்கே கண்டுபிடித்தது, எனக்கு அவரைத் தெரியாது என்பதைத்தான். அதை மேடையில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அந்தப் பொய்யின் பாரத்தில் மெதுவாகச் சபைக்குப் போவதையே நிறுத்திக்கொண்டேன். வேலை அதிகம் என்று வீட்டில் சொன்னேன்.

இப்போது கொஞ்சம் பழைய கதைக்கு வருகிறேன். லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெரு அருகே, பழைய லண்டன் அருங்காட்சியக வாசல் பக்கம், சுடர் வடிவில் ஒரு வெண்கல நினைவுச்சின்னம் நிற்கிறது. என் முதல் வேலை அந்தப் பக்கம்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பலமுறை கடந்து போயிருக்கிறேன். ஒருநாள் நின்று வாசித்தேன். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் நினைவாக வைத்தது. அவருடைய கதையைத் தேடிப் படித்தபோதுதான், நான் தனியாள் இல்லை என்று தெரிந்தது.

வெஸ்லியின் கதையும் ஒரு வாலிபர் ஐக்கியத்தில்தான் தொடங்குகிறது. 1729-இல் இருந்து ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சிறு குழு. மற்ற மாணவர்கள் கேலியாகப் 'பரிசுத்தர் கிளப்' என்றார்கள். புதனும் வெள்ளியும் உபவாசம், சிறைச்சாலைச் சந்திப்பு, எல்லாம் ஒழுங்கு. 1735-இல், 32 வயதில், அவர் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு மிஷனெரியாகக் கப்பலேறினார். 1736 ஜனவரியில் நடுக்கடலில் பெரும் புயல். அலை பாய்மரத்தைக் கிழித்தது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். அதே கப்பலில் வந்த ஜெர்மன் மொரேவியக் குடும்பங்கள், பிள்ளைகள் உட்பட, பாட்டை நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தன. போதிக்கப் போன வெஸ்லி சாவுக்குப் பயந்து நடுங்கினார்.

ஜார்ஜியாவில் இறங்கியதும் மொரேவியத் தலைவர் ஒருவர் அவரிடம் நேரடியாகக் கேட்டார்: இயேசுவை உனக்குத் தெரியுமா? அவர் உலக இரட்சகர் என்று தெரியும் என்றார் வெஸ்லி. சரி, உன்னை இரட்சித்தார் என்று தெரியுமா என்று அவர் விடவில்லை. தெரியும் என்று சொல்லிவிட்டு, அது வெறும் வார்த்தையோ என்று பிறகு தன் நாட்குறிப்பில் எழுதினார். அந்த வரியைப் படித்தபோது என் மேடை ஞாபகம் வந்தது.

அவருடைய ஊழியம் அங்கே தோல்வி. காதல் தோல்வி, அதன் கோபத்தில் அந்தப் பெண்ணுக்கு நற்கருணை மறுத்தது, வழக்கு என்று எல்லாம் சேர, 1737 கடைசியில் ஊரை விட்டே புறப்பட்டார். பிறரை மனந்திருப்பப் போன நானே மனந்திரும்பாதவன் என்ற உணர்வோடு வந்து இறங்கினார். 1738 மே 24 மாலை, மனமில்லாமல்தான் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டத்துக்குப் போனார். அங்கேதான் அவருக்குள் நம்பிக்கை பிறந்தது. அதுவும் மேடையில் அல்ல. யாரோ ஒருவர் லூத்தரின் முன்னுரையை வாசிக்க, கேட்டுக்கொண்டிருந்தபோது.

இதற்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1814-இல் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்ட் மிஷனெரிகள் இலங்கையில் இறங்கி, யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் போனார்கள். அங்கே அவர்கள் தொடங்கிய பள்ளிகளில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். அந்தத் தோல்விப் பயணம் இல்லாவிட்டால் அந்த மே மாலை இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான் 2014-இல் மறுபடி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். குழு இல்லை, டீ-ஷர்ட் இல்லை, லீவு எடுத்துக்கொண்டு தனியாக. அந்த அக்காவின் வீட்டில் சாப்பிட்டேன். ரொட்டியும் சம்பலும். என் பெயரை அவர் தப்பாகவே நினைவில் வைத்திருந்தார். அந்தத் தப்பான பெயரிலேயே நாலு வருசமாக எனக்காக ஜெபித்திருக்கிறார். நான் திருத்தவில்லை. மேடையில் சொன்ன பொய்யை முதன்முதலாக அவரிடம்தான் சொன்னேன். அவர் பெரிதாக ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. "சரி தம்பி, இப்ப சொல்லுங்க, என்னா ஜெபிக்கணும்?" இந்த முறை எனக்குப் பதில் இருந்தது. என் விசுவாசம் தொடங்கிய இடம் என்று கேட்டால், அந்தத் திண்ணையைத்தான் சொல்லுவேன்.

ஆக, பிள்ளை போகலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். முதலில், போகிற இடத்தில் யார் அழைத்தார்கள் என்று கேளுங்கள். உள்ளூர் சபை அழைத்ததா, அல்லது நாங்களே முடிவு செய்து போகிறோமா? திருநெல்வேலி வேதநாயகம் சாமுவேல் அசரியா இதில் நல்ல அளவுகோல். வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில், அதாவது ஒய்எம்சிஏவில், வேலை செய்துகொண்டிருந்த அவர் 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கத்தைய தமிழ்க் கிறிஸ்தவர்களே தென்னிந்தியாவுக்கு மிஷனெரி அனுப்புவதைக் கண்டு அசந்தார். அடுத்த வருடமே இந்திய மிஷனெரி சங்கம் திருநெல்வேலியில் தொடங்கியது. பிறகு அவரே தெலுங்கு படித்து, தோர்ணக்கல்லுக்குக் குடும்பத்தோடு போனார். 1910-இல் எடின்பரோ மாநாட்டில் மேலைநாட்டு மிஷனெரிகளைப் பார்த்து அவர் கேட்டது பணமோ தியாகமோ அல்ல, நட்பு. பிள்ளையின் பயணத்திட்டத்தில் நட்புக்கு நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட, கேட்க, சும்மா இருக்க.

இரண்டாவது, சில கறாரான கேள்விகள். பிள்ளைகளோடு வேலை என்றால் போகிறவர்களுக்குக் குற்றப் பின்னணிச் சோதனை செய்தார்களா? காப்புறுதி உண்டா? என்ன விசா? சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கம் செய்வதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. அநாதை இல்லத்தில் சில வாரம் தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் திட்டம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெற்றோர் உள்ள பிள்ளைகளையே இல்லங்களில் சேர்த்து வெளிநாட்டாரிடம் பணம் வாங்கும் வியாபாரம் நடக்கிறது. ஆஸ்திரேலியா 2018-இல் இதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாகவே அங்கீகரித்தது. உள்ளூர் ஆளுக்குக் கூலி கொடுத்துச் செய்யக்கூடிய வேலையை நம் பிள்ளை டிக்கெட் போட்டுப் போய்ச் செய்கிறதா என்றும் யோசியுங்கள். நான் பூசிய சுவரை 2014-க்குள் யாரோ மறுபடி பூசியிருந்தார்கள். என்னைவிட நன்றாக.

மூன்றாவதுதான் முக்கியம், திரும்பி வந்த பிறகு. பிள்ளை வந்து "அம்மா, எனக்கு விசுவாசம் இருக்கா எண்டே தெரியேல்லை" என்று சொன்னால் பதறாதீர்கள். போதகரிடம் ஓடாதீர்கள். "என்ன நடந்தது, சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். அது விசுவாசம் போன அறிகுறி என்று நாம் நினைப்போம். பல நேரம் கடன் வாங்கிய விசுவாசம்தான் போகிறது. சொந்தமானது வர இடம் கிடைக்கிறது. வராமலும் போகலாம், அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் உண்மையைச் சொல்ல வீட்டில் ஒரு இடம் இருந்தால், என்னைப் போல நாலு வருசம் ஒளிந்து திரிய வேண்டி வராது.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கன நேரம் பேசவில்லை. மகள் ஜூலையில் போகிறாள். உள்ளூர் சபை ஒன்று அழைத்திருக்கிறது, தங்குவது ஒரு குடும்பத்தோடு. நேற்று அக்கா ஃபோன் எடுத்தார். "பாஸ்டரோட கதைச்சிட்டன் தம்பி. அவள் வந்த முதல் ஞாயிறு மேடையில ஏத்த வேண்டாம் எண்டு சொல்லிட்டன். முதல்ல வீட்டில சாப்பிடட்டும்."