நியூட்ரினோ நிறை அளவீட்டில் அணுநிலை ஹைட்ரஜன் கற்றை மூலங்கள்

முன்னுரை

1965ஆம் ஆண்டு கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்கள் கண்டறியப்பட்டன. அதன் தொடர்ச்சியாகத் தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தின் முதன்மை நோக்கம், மூன்று நியூட்ரினோ நிறைகளின் வரிசை நேரானதா, தலைகீழானதா என அறிவதாகும். ஆனால் அலைவு ஆய்வுகள் நிறைவர்க்கங்களின் வேறுபாட்டையே தரும், நிறையைத் தாரா. நிறையை நேரடியாக அளப்பதற்கு அணுநிலை ஹைட்ரஜன் கற்றை ஏன் தேவைப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

டிரிட்டியச் சிதைவு

டிரிட்டியம் ஹைட்ரஜனின் கதிரியக்க ஓரிடத்தான் ஆகும். அது சிதையும்போது வெளிப்படும் ஏறத்தாழ 18,600 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை எலக்ட்ரானும் எதிர்நியூட்ரினோவும் பகிர்ந்துகொள்கின்றன. நியூட்ரினோவுக்கு நிறை இருப்பதால் எலக்ட்ரான் நிறமாலையின் உச்ச முனை சற்றே குறுகி வடிவம் மாறும். அம்முனையின் கடைசி ஓர் எலக்ட்ரான் வோல்ட் பகுதியில், ஐந்து இலட்சம் கோடிச் சிதைவுகளுக்கு ஏறத்தாழ ஒன்றே அமையும். ஜெர்மனியின் காட்ரின் ஆய்வு 2025இல் நியூட்ரினோ நிறைக்கு 0.45 எலக்ட்ரான் வோல்ட் என்னும் உச்ச வரம்பை அளித்தது.

மூலக்கூறு தரும் இடையூறு

காட்ரின் பயன்படுத்துவது டிரிட்டிய மூலக்கூறு. அதில் ஓர் அணு சிதைந்ததும் எஞ்சும் ஹீலியம்-டிரிட்டியம் அயனி, சுழற்சியாகவும் அதிர்வாகவும் ஆற்றலில் ஒரு பங்கைக் கொள்கிறது. அப்பங்கு சிதைவுக்குச் சிதைவு வேறுபடுவதால் நிறமாலை ஏறத்தாழ 0.4 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு மங்குகிறது. குறை மூலத்திலேயே இருப்பதால் கருவியை எவ்வளவு செம்மைப்படுத்தினாலும் அது நீங்காது. தனி அணுவில் இவ்வியக்கங்கள் இல்லை.

கற்றை மூலத்தின் செயல்முறை

0.04 எலக்ட்ரான் வோல்ட் உணர்திறனை இலக்காகக் கொண்ட புராஜெக்ட் 8 கூட்டாய்வு, அணுநிலை டிரிட்டியத்தை நாடுகிறது. டிரிட்டியத்தின் கதிரியக்கம் கருதி, சாதாரண ஹைட்ரஜனைக் கொண்டே மூலங்கள் முதலில் சோதிக்கப்படுகின்றன. 2,000 கெல்வினுக்கு மேல் சூடேற்றிய டங்ஸ்டன் நுண்குழாய் வழியே செல்லும் வாயு அணுக்களாகப் பிரிகிறது. அவ்வணுக்கள் சுவர்ப்பரப்பில் மீண்டும் மூலக்கூறாக இணையக்கூடும். ஆகவே கற்றையை மில்லிகெல்வின் நிலைவரை படிப்படியாகக் குளிர்வித்து, சுவர் தொடாதவாறு காந்தப் பொறியில் அடைக்க வேண்டும். அணுவின் இணையற்ற எலக்ட்ரான் தரும் காந்தத் திருப்புத்திறன் இதற்கு உதவுகிறது. மூலக்கூறுகளுக்கு அத்தகைய திருப்புத்திறன் இல்லாமையால் அவை பொறியில் தங்கா. குளிர்விக்கும் ஒவ்வொரு படியிலும் அணுக்கள் இழக்கப்படுவதால், தொடக்கக் கற்றையின் செறிவே முழு முயற்சியின் அடிப்படையாகிறது.

முடிவுரை

தலைகீழ் வரிசை உண்மையெனில், பீட்டாச் சிதைவில் அளக்கப்படும் நிறை ஏறத்தாழ 0.05 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறையாது. எனவே 0.04 அளவிலும் நிறை தென்படாவிடில் அவ்வரிசை விலக்கப்படும். பொட்டிபுரம் விடை தேடிய வினா வேறொரு வழியில் தீரும். நிறை தென்படுமாயின் அதன் அளவு தெரியவரும். வரிசையை அறிய அலைவு ஆய்வே வேண்டும். இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று நிறைவு செய்வன எனலாம்.