கப்பலில் வரும் கார்பன் பிரஷ்

ஸ்ரீ விஜயபுரத்தின் அபர்தீன் பஜாரில் (2024இல் பெயர் மாறும் வரை இந்த ஊர் போர்ட் பிளேர்) ஒரு டிரில்லிங் மெஷின் வாங்குவது பெரிய காரியமல்ல. அது ஓடாமல் நிற்கும் நாளில்தான் சோதனை ஆரம்பம். கோவைக்காரர் பக்கத்துத் தெருவில் வாங்கிவிடும் கார்பன் பிரஷ், இங்கே கடையில் தீர்ந்துபோயிருந்தால் சென்னையிலிருந்து சுமார் 1,200 கி.மீ. கடல் கடந்து வரவேண்டும். கப்பலில் ஏறத்தாழ 3 நாள். விரல் நுனி அளவு கரித்துண்டுக்காக அதுவரை வேலை கிடப்பில்.

எனவே தீவுவாசிகள் விலையையும் வாட்ஸையும் விசாரிக்கும் முன் கேட்க வேண்டியது: இதற்கு பிரஷ், ஸ்விட்ச், ஆர்மேச்சர் கைவசம் இருக்கிறதா? ‘வரவழைத்துத் தருகிறோம்' என்று பதில் வந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவது உத்தமம். எந்தக் கடையில் வாங்கினாலும் மெஷினோடு இரண்டு ஜோடி பிரஷ்ஷையும் சேர்த்தே வாங்கிவிட வேண்டும். பழைய ஹிட்டாச்சி வைத்திருப்பவர்கள் கவனிக்க: அந்தக் கருவிகள் 2018 முதல் ஹைக்கோகி என்ற பெயரில் வருகின்றன.

இங்கே அறுக்கும் மரமும் லேசுப்பட்டதல்ல. 1883இல் தொடங்கிய சாத்தம் அரசு மர அறுவை ஆலையைப் பிரபலமாக்கிய படாக், தேக்கை விடக் கனமானது. ரேகைகள் மாறி மாறிப் பின்னி ஓடுவதால் மழுங்கிய பிளேடு பட்டால் பிய்ந்து வரும். 2002இல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டக் கடும் கட்டுப்பாடு விதித்த பிறகு, ஒரு பலகையைப் பாழாக்குவது மனசுக்கும் பர்ஸுக்கும் வலிக்கிற விஷயம். மலிவான மெஷினில் நல்ல கார்பைடு பிளேடு போடலாம். உயர்ந்த மெஷினில் மட்டமான பிளேடு போடுவதுதான் வீண். படாக் தூள் சிலருக்கு மூக்கையும் தோலையும் உறுத்தும் என்பதால் முகமூடி அவசியம்.

தீவுகளுக்கு மின்சாரம் தருவது பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்கள். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் வேகம் குறையும். உள்ளே இருக்கும் விசிறியும் சேர்ந்து தளரும். அந்த நேரத்தில் மெஷினை அழுத்தித் தள்ளினால் காயில் கருகும். மெல்லிய வயரை முப்பது மீட்டர் இழுத்து வேலை செய்வதும் அதே தப்பு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் இடத்தில், சதுரத்துக்குள் சதுரம் பொறித்த இரட்டை இன்சுலேஷன் கருவியும், வீட்டு இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் உயிர் காக்கும் செலவுகள்.

பேட்டரி மெஷின்? மின்வெட்டுக்குக் கவலையில்லை. பிரஷ் இல்லாத ரகங்களும் வந்துவிட்டன. ஆனால் கருகிய காயிலை மோட்டார் வைண்டிங் கடையில் மறுபடி சுற்றிவிடலாம். எலெக்ட்ரானிக் போர்டு போனால் அந்தக் கடைக்காரர் கைவிரிப்பார். தீவில் ஒரே ஒரு கருவிதான் என்றால் வயர் உள்ளதே என் தேர்வு.

சென்னையில் வாங்கி விமானத்தில் கொண்டு வருபவர்கள் மெஷினைச் செக்-இன் லக்கேஜிலும், தனி லித்தியம் பேட்டரியைக் கைப்பையிலும் வைக்க வேண்டும். 18 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 90 வாட்-ஹவர். 100ஐத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. வீடு வந்ததும் சக்கில் துளி எண்ணெய் விட்டு, மூடியுள்ள டப்பாவில் வைத்துவிடுங்கள். உப்புக் காற்று வாரண்டி கார்டைப் படிப்பதில்லை.